வேண்டாத மருந்தைப் பாதுகாப்பாக நிறுத்தக் கற்றுக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி.பி.எஸ்., நர்சிங், ஃபார்ம்.டி. (மருந்தாளுநர் பட்டப்படிப்பு) மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவர்களும் ஹவுஸ் சர்ஜன்களும் (பயிற்சி மருத்துவர்கள்) திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை, கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். இதில் வரும் அளவுகள் கற்பித்தலுக்கானவை. படித்துவிட்டு யாரும் தங்கள் மாத்திரையைத் தாங்களே நிறுத்த வேண்டாம். ஏன் என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

1. "மருந்தை நிறுத்துறதுன்னா சீட்டுல ஒரு கோடு போட்டு அடிக்கிறதுதானே, இதுக்கு எதுக்குத் தனி வகுப்பு?"

ஒரு மருந்தைத் தொடங்கும்போது காரணம், அளவு, எத்தனை நாள், எதைக் கண்காணிப்பது என்று நான்கையும் யோசிக்கிறோம். நிறுத்தும்போதும் இந்த நான்கும் வேண்டும். கூடவே, எது நடந்தால் திரும்பத் தொடங்குவது என்று ஐந்தாவதாக ஒன்றும் வேண்டும். மருந்தியல் பாடத்தில் தொடக்க அளவு, உச்ச அளவு, பக்கவிளைவு எல்லாம் வரிசையாக இருக்கும். நிறுத்தும் முறை மட்டும் ஸ்டீராய்டு பாடத்தில் ஒரு வரி, ரத்த அழுத்தத்துக்கான குளோனிடின் பாடத்தில் ஒரு வரி என்று சிதறிக் கிடக்கும். மாணவர் அதைத் தேர்வுக்குப் படிப்பார், வார்டில் மறந்துவிடுவார்.

கோடு போட்டு அடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். குளோனிடினைச் சட்டென்று விட்டால் ஓரிரு நாளில் ரத்த அழுத்தம் எகிறும். நெஞ்சுவலிக்கு மெட்டோபிரலால் போட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று விட்டால் வலி கூடும், மாரடைப்பும் வரலாம். பல மாதம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைச் சாப்பிட்டவரின், இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலை செய்வதையே குறைத்திருக்கும். மாத்திரை நின்றபின் ஒரு காய்ச்சல் வந்தாலே ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடுவார். இந்த மூன்றிலும் நிறுத்தும் முடிவு சரியாகவே இருந்திருக்கலாம். நிறுத்திய வேகம்தான் தவறு.

2. "எத்தனை மாத்திரைக்கு மேல போனா அதிகம்னு சொல்லலாம்?"

ஐந்து அல்லது அதற்கு மேல் என்பது ஆய்வுகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண். யாரைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுக்க அது உதவும். அதைத் தாண்டி எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அந்த ஒரு நோய்க்கே நான்கு வகை மருந்து தேவைப்படும், நான்கும் ஆயுளைக் கூட்டுபவை. எண்பது வயதில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையும் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையும் மட்டும் சாப்பிடுபவர் இரண்டே மாத்திரையோடு அவரைவிட ஆபத்தில் இருக்கிறார்.

3. "எந்த வருஷத்துல ஆரம்பிக்கலாம்? ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு இது புரியுமா?"

புரியும், ஆனால் நிறுத்தும் முடிவில் தொடங்கக் கூடாது. முதலாண்டில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் வீடுகளுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பெரியவரின் மாத்திரைப் பையைப் பட்டியலிட்டு வரட்டும், அது போதும். இரண்டாமாண்டு மருந்தியலில் அரை ஆயுள்காலம் (உடலில் மருந்து பாதியாகக் குறையும் நேரம்), ஏற்பிகள் (மருந்து ஒட்டும் இடங்கள்) பழகிப்போவது, நிறுத்தியதும் ஏற்படும் எதிர்வீச்சு (அடக்கிவைத்த தொந்தரவு கூடித் திரும்புவது) மூன்றையும் ஒரே வகுப்பில் இணைத்துச் சொல்லுங்கள். கிளினிக்கல் போஸ்டிங்கில் ஒரு நோயாளியை எடுத்து முழுத் திட்டம் எழுத வேண்டும். ஹவுஸ் சர்ஜனாகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைச் செய்து காட்ட வேண்டும்.

ஃபார்ம்.டி. மாணவர்களுக்கு வார்டு ரவுண்ட்ஸ் வழக்கத்தில் இருப்பதால் நான்காம் ஆண்டிலேயே முழுத் திட்டம் எழுதச் சொல்லலாம்.

4. "மாத்திரைப் பையைக் கொட்டச் சொல்லிட்டோம். அப்புறம் என்ன பண்றது?"

ஒவ்வொரு மருந்துக்கும் ஏழு விவரம் எழுத வேண்டும்: மூலப்பெயர், வலிமை, சீட்டில் எழுதியபடி எப்படி, உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறார், யார் தொடங்கினார், எப்போது, எதற்காக. இதில் மாணவர்கள் சறுக்குவது உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறார் என்பதிலும் எதற்காக என்பதிலும்தான். "எல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "போடுறேம்பா" என்றுதான் பதில் வரும். ஒரு அட்டையைக் கையில் எடுத்துக் காட்டி, "இத எதுக்குப் போடுறீங்க பாட்டி? நேத்து எப்ப போட்டீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். அட்டையில் மிச்சம் எத்தனை என்று எண்ணினால் பதில் சரிதானா என்று தெரிந்துவிடும்.

பையில் என்னென்ன மறைந்திருக்கும் என்றும் முன்பே சொல்லிவிடுங்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் இரண்டு வேறு பெயர்களில் இருக்கும், ஒன்று ஜி.எச்.சில் கொடுத்தது, இன்னொன்று தனியார் கிளினிக்கில் எழுதியது. வலி மாத்திரையான அசிக்ளோஃபெனாக்கோடு பாரசிட்டமால் சேர்ந்த கூட்டு மாத்திரையும் தனிப் பாரசிட்டமாலும் ஒரே நேரத்தில் ஓடும். மெடிக்கல் ஷாப்பில் நான்கு நான்காக வெட்டிக் கொடுத்த அட்டையில் பெயரே இருக்காது. கண் சொட்டு மருந்தை யாரும் மருந்தாகச் சொல்லமாட்டார்கள், ஆனால் டிமோலால் சொட்டு ஒரு பீட்டா பிளாக்கர், இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை. நாடித்துடிப்பு 50க்குக் கீழே இருப்பதன் காரணம் அதுவாகவே இருக்கலாம். சித்த மருந்து, மூட்டுவலிக்கு வாங்கிய பெயரில்லாத பொடி, இன்ஹேலர், தைலம் எல்லாம் பட்டியலில் வர வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே வரும் சுகர், பிரஷர் மாத்திரைகளையும் கேட்க வேண்டும். மருத்துவமனையில் மாற்றி எழுதிய பிறகும் பழைய மாத்திரை வீட்டுக்கு வந்துகொண்டிருக்கக்கூடும்.

5. "பன்னெண்டு மாத்திரை இருக்கு. எதுல கை வைக்கிறது?"

2015இல் ஆஸ்திரேலியாவின் இயன் ஸ்காட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஐந்து படி முறை வகுப்புக்கு ஏற்றது. எல்லா மருந்தையும் காரணத்தோடு பட்டியலிடு, இந்த நோயாளிக்கு மொத்தத்தில் மருந்தால் எவ்வளவு ஆபத்து என்று பார், ஒவ்வொரு மருந்தும் நிறுத்தத் தகுந்ததா என்று கேள், எதை முதலில் என்று வரிசைப்படுத்து, நிறுத்திக் கண்காணி. வரிசைப்படுத்த மூன்று அளவுகோல்: தீங்கு அதிகம் பலன் குறைவு, எளிதில் நிறுத்த முடிவது, நோயாளியே விடத் தயாராக இருப்பது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிறுத்த வேண்டும். இரண்டை ஒன்றாக விட்டுவிட்டுத் தொந்தரவு வந்தால் எதனால் என்று சொல்ல முடியாது. உயிருக்கு ஆபத்தான பக்கவிளைவோடு வார்டில் சேர்ந்தவர் மட்டும் விதிவிலக்கு.

அடுத்து மருந்துச் சங்கிலியைத் தேடச் சொல்லுங்கள்: ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து எழுதுவது. ரோஷனும் குர்விட்சும் 1997இல் இதை விவரித்தார்கள். வகுப்பில் இந்தக் கேஸைக் கொடுங்கள். 74 வயதுப் பெண், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மி.கி. கணுக்கால் வீங்கியது, நீரைப் பிரிக்கும் ஃப்யூரோசமைடு எழுதப்பட்டது. பொட்டாசியம் குறைந்தது, பொட்டாசியம் சிரப் வந்தது. அடிக்கடி சிறுநீர் போகிறது என்றார், சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் ஆக்சிபியூட்டினின் சேர்ந்தது. மலச்சிக்கல் வந்தது, லாக்டுலோஸ் சேர்ந்தது. இப்போது ராத்திரியில் குழம்பிப் பேசுகிறார். மாணவர்கள் வழக்கமாக லாக்டுலோஸில் தொடங்குவார்கள், சின்ன மருந்து என்பதால். அவசரமாக நிறுத்த வேண்டியது குழப்பத்தைத் தரும் ஆக்சிபியூட்டினின். சங்கிலி அறுபடுவது அம்லோடிபினைக் குறைத்து மாற்றும்போது.

நம்மூர்ச் சங்கிலி இன்னொன்று. தலைசுற்றலுக்கு எழுதிய சின்னரிசின் வருடக்கணக்கில் ஓடும். கை நடுங்கும், நடை குறுகும். பார்க்கின்சன் என்று லெவோடோபா தொடங்கும். கேஸ் மாத்திரையோடு லெவோசல்பிரைடு சேர்ந்த கேப்ஸ்யூலும் இதையே செய்யும். பெயர் கேஸ் மாத்திரை என்பதால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். கை நடுங்கும் முதியவரைப் பார்த்ததும் இந்த இரண்டையும் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வகுப்பு பலித்த மாதிரி. நிறுத்திய பிறகு நடுக்கம் தணிய மாதங்கள் ஆகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் "நிறுத்தியும் பயனில்லை" என்று எழுதிவிடுவார்கள்.

6. "பீர்ஸ் லிஸ்ட், ஸ்டாப் லிஸ்ட் ரெண்டையும் மனப்பாடம் பண்ண வச்சா போதாதா?"

போதாது. முதியவர்களுக்குப் பொருந்தாத மருந்துகளைச் சொல்லும் பீர்ஸ் பட்டியல் 1991இல் அமெரிக்காவில் வந்தது, 2023இல் புதுப்பிக்கப்பட்டது. நிறுத்த வேண்டியதையும் தொடங்க வேண்டியதையும் சொல்லும் ஸ்டாப்-ஸ்டார்ட் 2008இல் அயர்லாந்தில் தொடங்கியது, அதன் மூன்றாம் பதிப்பும் 2023தான். இரண்டும் எந்த மருந்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று காட்டும். எந்த வேகத்தில் குறைப்பது, இந்த நோயாளிக்கு ஏன் தொடங்கினார்கள் என்பதற்கு அவற்றில் பதில் இல்லை. நம் கடைகளில் விற்கும் கூட்டு மாத்திரைகளையும் மாணவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பட்டியலை நான்காவது கேள்வியின் வேலை முடிந்த பிறகு கையில் கொடுங்கள். முன்னாலேயே கொடுத்தால் நோயாளியைப் பார்க்காமல் டிக் அடித்துவிடுவார்கள்.

7. "எதையெல்லாம் டக்குனு விடலாம், எதையெல்லாம் மெதுவா குறைக்கணும்?"

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், வைட்டமின் மாத்திரைகள், எலும்புத் தேய்மானத்துக்கான அலெண்ட்ரோனேட், இதயநோய் வராமல் தடுக்க மட்டும் போடும் ஆஸ்பிரின் ஆகியவற்றுக்கு, நிறுத்துவது என்று முடிவானால், படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஆஸ்பிரினில் கவனம்: ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார். 2018இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வு, பெரும்பாலும் 70 வயது தாண்டிய, இதயநோய் இல்லாதவர்களிடம் ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டியதே தவிர நலமாக வாழும் காலத்தைக் கூட்டவில்லை என்று காட்டியது.

பீட்டா பிளாக்கரை ஒன்று இரண்டு வாரத்தில் குறைக்க வேண்டும். பான்டோபிரசோல் 40 மி.கி.யை 20க்கு இறக்கி நான்கு வாரம், பிறகு தேவைப்படும்போது மட்டும். இதன் மேலுறை வயிற்று அமிலத்தைத் தாண்டுவதற்காக உள்ளது. 40ஐப் பாதியாக உடைத்தால் உறை போய்விடும், 20 மி.கி. மாத்திரையே தனியாக எழுத வேண்டும். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று முடியும் மாத்திரைகளிலும் இதே பிழை நடக்கிறது: "பாதி போடுங்க" என்று எழுதிவிட்டு, நாள் முழுக்க வெளிவர வேண்டிய மருந்தை ஒரே நேரத்தில் வெளிவர விடுகிறோம். சர்க்கரைக்கான கிளிமிபிரைடு-மெட்ஃபார்மின் போன்ற கூட்டு மாத்திரையில் ஒன்றை மட்டும் குறைக்க வேண்டுமானால் முதலில் தனித்தனி மாத்திரையாக மாற்ற வேண்டும்.

தூக்க மாத்திரைகளுக்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 சதவீதம், கடைசியில் 12.5 சதவீதம் என்பது கனடா வழிகாட்டியின் அளவு. பல வருடம் சாப்பிட்டவருக்கு இன்னும் மெதுவாகப் போகலாம். மன அழுத்த மருந்துகளில் கடைசிச் சிறு அளவுகள்தான் கஷ்டம்; மேலே இருந்து இறங்கிய வேகத்திலேயே அடிப்படியிலும் இறங்கினால் தொந்தரவு அங்கேதான் வரும். வலிப்பு மருந்தும், ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரலும் மாணவர் திட்டத்தில் "சிறப்பு மருத்துவரைக் கேட்க" என்ற ஒரு வரியோடு நிற்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கான டெனோசுமாப் ஊசி தனிக் கதை. அடுத்த தவணையைச் சும்மா விட்டுவிட்டால் முதுகெலும்பு முறிவுகள் அடுத்தடுத்து வரலாம், அதற்குப் பதில் மருந்து தொடங்க வேண்டும்.

8. "நிறுத்தின வாரமே நெஞ்செரிச்சல் வந்துடுச்சு. அப்ப மருந்து தேவைதானே?"

அவசரப்பட வேண்டாம். 2009இல் டென்மார்க்கில், வயிற்றுத் தொந்தரவே இல்லாத ஆட்களுக்கு பான்டோபிரசோல் வகையைச் சேர்ந்த எசோமெபிரசோல் 40 மி.கி.யை எட்டு வாரம் கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்த நான்கு வாரத்தில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொந்தரவு வந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம். நோயே இல்லாதவருக்கு நெஞ்செரிச்சலை உண்டாக்கியது மருந்தை நிறுத்தியதுதான். இதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லி, இடைக்காலத்துக்கு ஆன்டாசிட் சிரப் கொடுத்தால் பலர் தாண்டிவிடுவார்கள்.

பொதுவாக, விலகல் தொந்தரவு (மருந்தை விட்டதாலேயே வருவது) நிறுத்திய சில நாளில் தொடங்கும், முன்பு இல்லாத அறிகுறிகளோடு வரும், அந்த மருந்தைத் திரும்பக் கொடுத்தால் சீக்கிரம் அடங்கும். பழைய நோய் திரும்புவது மெதுவாக, பழைய முகத்தோடு வரும். இரண்டும் இல்லாமல் தற்செயலாக வந்த புது நோயாகவும் இருக்கலாம் என்பதை மாணவர்கள் மறந்தேவிடுகிறார்கள். நெஞ்செரிச்சல் என்று சொன்னவருக்கு ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

9. "சீட்டுல என்னதான் எழுதணும்? ஒரு மாதிரி காட்டுங்களேன்."

"அல்பிரசோலம் 0.5 மி.கி. இரவு, 6 வருடம். காரணம்: இருமுறை கீழே விழுந்தார், தொடங்கிய காரணம் இப்போது இல்லை. முறை: 0.375 மி.கி. 2 வாரம், 0.25 மி.கி. 4 வாரம், 0.125 மி.கி. 4 வாரம், பின் நிறுத்தம். தவித்தால் அந்தப் படியிலேயே மேலும் 2 வாரம். கவனிக்க: தூக்கம், பதற்றம், கைநடுக்கம், வாரம் ஒரு போன். திரும்ப: வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே மருத்துவமனை, முந்தைய அளவு."

மாத்திரையை எப்படி உடைப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்: 0.375 என்றால் 0.25இல் ஒன்றரை, 0.125 என்றால் 0.25இல் பாதி. டிஸ்சார்ஜ் சம்மரியில் "நிறுத்தியவை" என்று தனித் தலைப்பு வேண்டும். அது இல்லாமல் பட்டியலிலிருந்து பெயர் மட்டும் காணாமல் போனால், அடுத்து பார்க்கும் மருத்துவர் விடுபட்டதென்று நினைத்துத் திரும்ப எழுதுவார். பழைய அட்டைகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்வதும் திட்டத்தின் பகுதி. தலையணைக்கு அடியில் ஒரு அட்டை இருக்கும்வரை தூக்க மாத்திரை நின்றதாகக் கணக்கில்லை.

10. "சீஃப் எழுதின மருந்தை ஹவுஸ் சர்ஜன் எப்படிங்க வேணாம்னு சொல்றது?"

வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, கண்டதைச் சொல்லி வழி கேட்டால் போதும். "சார், ஆறாம் பெட் தாத்தாவுக்கு எழுந்து நின்னா பி.பி. 30 குறையுது, நேத்து தடுமாறினார். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், பி.பி.க்கு அம்லோடிபின் ரெண்டும் ஓடுது. அம்லோடிபினை 5 ஆக்கிட்டு மூணு நாள் நின்னபடி பி.பி. பாக்கலாமா சார்?" கண்டது, ஆபத்து, யோசனை, கண்காணிப்பு எல்லாம் இதில் இருக்கிறது, மரியாதையும் குறையவில்லை. வகுப்பில் ஆறு நிமிட ஒத்திகையாக நடத்துங்கள். பேராசிரியராக நடிப்பவர் ஒருமுறையாவது "அது நான் எழுதினது, இருக்கட்டும்" என்று மறுக்க வேண்டும். அப்போது மாணவர் செய்ய வேண்டியது, கண்டதைக் கேஸ் ஷீட்டில் பதிவுசெய்து மறுநாள் அளவோடு திரும்பக் கேட்பது. நோயாளியிடம் முதலில் போய்ச் சொல்லிவிட்டு யூனிட்டில் கேட்பது பெரிய பிழை. இரண்டு குரல் கேட்ட நோயாளி இரண்டையும் நம்பமாட்டார்.

11. "நர்சிங், ஃபார்மசி மாணவர்களுக்கு நிறுத்துற அதிகாரமே இல்லையே, அவங்களுக்கு எதுக்கு?"

எழுதும் அதிகாரம் மருத்துவரிடம்தான். ஆனால் கண்டுபிடிப்பதும் பேசுவதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மற்றவர்கள் கையில். கனடாவின் கியூபெக்கில் 2014இல் வந்த ஆய்வில், தூக்க மாத்திரை பற்றிய ஒரு கையேட்டை முதியவர்களிடம் நேரடியாகக் கொடுத்ததில் ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் விட்டார்கள். கொடுக்காத குழுவில் 5. அங்கேயே 2018இல், மருந்தாளுநர் நோயாளிக்குக் கையேடும் மருத்துவருக்குக் காரணத்தோடு ஒரு குறிப்பும் அனுப்பியபோது 43 சதவீதம் பேரிடம் பொருத்தமில்லாத மருந்து நின்றது. மற்ற குழுவில் 12. வார்டில் பகல் முழுக்கத் தூங்கி வழிவதையும் மூன்று நாளாக மலம் கழியாததையும் முதலில் பார்ப்பவர் நர்ஸ். ஒரே கேஸை மூன்று துறை மாணவர்களும் ஒரே மேசையில் செய்வது தனித்தனி வகுப்பைவிட நல்லது.

12. "'பெரிய டாக்டர் உசுரு உள்ளவரைக்கும் போடணும்னு சொன்னாரு'ன்னு நோயாளி சொன்னா?"

முதலில் அது எந்த மருந்து என்று பார்க்க வேண்டும். தைராய்டை முழுதாக எடுத்தவருக்குத் தைராக்சின், முதல் வகைச் சர்க்கரைக்கு இன்சுலின் எல்லாம் நிஜமாகவே ஆயுள் மருந்து. பெரிய டாக்டர் சொன்னது சரி. மற்றவற்றுக்கு "அப்ப சொன்னது அப்பத்த நிலைமைக்குச் சரிதாம்மா. இப்ப உங்க வயசு, கிட்னி, எடை எல்லாம் மாறியிருக்கு. கொஞ்சம் குறைச்சுப் பாப்போம், ஒத்துக்கலன்னா திரும்பப் போட்டுக்கலாம்" என்ற தோரணை எடுபடும். முன்பு எழுதியவரைக் குறை சொல்லும் ஒரு வார்த்தையும் வரக் கூடாது. வீட்டில் மகனோ மகளோ "வயசாயிடுச்சுன்னு கைவிடறாங்களா?" என்று பயப்படுவார்கள், அவர்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. பக்கவிளைவைப் பற்றி நீட்டி முழக்கினால், சிலர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். ஆகவே நிறுத்துவதைச் சொல்லும் அதே மூச்சில் விடவே கூடாதவற்றையும் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும்.

13. "சுகர், பிரஷர் மாத்திரையைக்கூடக் குறைக்கலாமா?"

உடல் தளர்ந்த முதியவருக்குக் குறைக்க வேண்டியிருக்கும். பல நோய்களோடு தளர்ந்தவருக்கு எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது) 8க்குக் கீழே என்பதே போதுமான இலக்கு. சாப்பாடு பாதியாகக் குறைந்தும், இன்சுலினைச் சுரக்கவைக்கும் சல்ஃபோனில்யூரியா வகை மாத்திரை அப்படியே ஓடினால் தாழ்சர்க்கரை வரும். இந்த வகையில் கிளிபென்கிளமைடு கெட்டிக்காரக் குற்றவாளி: அதன் சிதைபொருட்களும் சர்க்கரையைக் குறைக்கும், சிறுநீரகம் பழுதானால் உடலில் தங்கும். மெட்ஃபார்மினை, சிறுநீரகத் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். ரத்த அழுத்தத்தைப் படுக்கவைத்தும், நின்ற ஒன்றாவது, மூன்றாவது நிமிடத்திலும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் பட்டியலைத் திறக்கலாம்.

14. "ஒண்ணை நிறுத்தினா இன்னொரு மருந்து ஏறி இறங்குமா?"

ஏறும். காசநோய்க்கு ஆறு மாதம் ரிஃபாம்பிசின் எடுத்தவருக்கு, அது மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைத் தூண்டியதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் அளவு கூட்டப்பட்டிருக்கும். சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசின் நின்றதும் சில வாரங்களில் நொதிகள் பழைய நிலைக்கு வரும், அதே வார்ஃபரின் அளவில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்) ஏறும், ரத்தம் கசியும். வாரம் ஒருமுறை ஐ.என்.ஆர். பார்த்துக் குறைக்க வேண்டும். வலிப்புக்கான கார்பமசபைனும் இதே ரகம்.

நான்காவது பதிலில் சொன்ன பெயரில்லாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். வட்ட முகம், மெலிந்த தோல், எளிதில் கன்றிப்போகும் கை இருந்தால் "அதத் தூக்கிப் போடுங்க" என்று சொல்லி அனுப்பக் கூடாது. காலை கார்ட்டிசால் (அட்ரினல் சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டு) பார்த்து, தேவைப்பட்டால் பிரெட்னிசலோனுக்கு மாற்றிக் குறைக்க வேண்டும்.

15. "கடைசிக் கட்டத்துல இருக்கறவங்களுக்குக் கொழுப்பு மாத்திரை?"

2015இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆயுள் ஒரு வருடத்துக்குள் என்று கணிக்கப்பட்ட 381 பேரில் ஒரு பாதியினருக்கு ஸ்டாட்டின் நிறுத்தப்பட்டது. 60 நாளில் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, வாழ்க்கைத்தரம் நிறுத்தியவர்களுக்குச் சற்று மேல். பலன் கிடைக்க எத்தனை வருடம் ஆகும் என்ற கேள்வியை மாணவருக்குப் பழக்க இது நல்ல உதாரணம்.

16. "தேர்வுல இதுக்கு மார்க் எப்படிப் போடுறது?"

ஓஸ்கியில் (மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று செய்துகாட்டும் தேர்வு) எட்டு நிமிட நிலையம் இரண்டு வையுங்கள். முதலாவதில் பை கொடுத்து ஒரு மருந்துக்கு ஒன்பதாவது பதிலின் மாதிரியில் திட்டம் எழுதவைக்கலாம். காரணம், வேகம், கண்காணிப்பு, திரும்பத் தொடங்கும் நிலை ஆகிய நான்குக்கும் சம மதிப்பெண். குளோனிடினையோ நீண்டகால ஸ்டீராய்டையோ ஒரே நாளில் நிறுத்தினால் அந்த நிலையம் தோல்வி. எத்தனை மருந்தை நிறுத்தினார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது. கொடுத்தால் அடுத்த பேட்ச் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கத் தொடங்கும்.

இரண்டாவது நிலையத்தில் சரியான விடை "நிறுத்தாதே" என்பதாக இருக்கட்டும். நான்கு மாதத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்த 68 வயதுக்காரர், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், பான்டோபிரசோல். "கேஸ் மாத்திரை எதுக்குங்க, எனக்கு கேஸே இல்லையே, விட்டுடவா?" என்று கேட்கிறார். அந்த மாத்திரை இரண்டு ரத்த மெலிவு மருந்துகளிடமிருந்து வயிற்றைக் காக்கிறது என்று மாணவர் அவருக்குப் புரியும்படி சொல்லி, குளோபிடோக்ரல் நிற்கும் நாளில் திரும்பப் பார்க்கலாம் என்று தேதியோடு சீட்டில் எழுதினால் முழு மதிப்பெண்.